ருவாயோமோன் மடத்தில் ஒரு போர்க்கால மருத்துவமனை

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, எடின்பரோவில் மருத்துவராக இருந்த எல்சி இங்லிஸ் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தம் சேவையை அளிக்க முன்வந்ததும், வீட்டில் போய்ச் சும்மா இருக்கும்படி அதிகாரி ஒருவர் அவரைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்லப்படுவதும் பலரும் அறிந்த செய்திகள். அந்த மறுப்பைக் காட்டிலும் அதன்பின் நடந்தவையே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சங்கங்களின் வழியே நன்கொடை திரட்டிய அவர், பெண்களே நடத்தும் ஸ்காட்டிஷ் மகளிர் மருத்துவமனைகளைத் தொடங்கி, அவற்றை நேச நாடுகளுக்கு அளித்தார். பிரான்சும் செர்பியாவும் ஏற்றுக்கொண்டன.

இங்லிஸ் செர்பியாவுக்கும் பின்னர் ருஷ்யப் போர்முனைக்கும் சென்று, 1917 நவம்பரில் நாடு திரும்பிய உடனே காலமானார். பிரான்சுக்குச் சென்ற குழுவைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது என் வருத்தம்.

பாரிசுக்கு வடக்கே, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ருவாயோமோன் மடத்தில், மருத்துவர் பிரான்சஸ் ஐவன்ஸ் தலைமையில் 1915 ஜனவரியில் அந்த மருத்துவமனை நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. குளிரும் இருளும் நிறைந்த அந்தப் பழைய கட்டடத்தில் தண்ணீரைச் சுமந்தே மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது, காயமுற்றவர்களையும் அப்படியே. அதுவரை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே பெரும்பாலும் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர்கள், இப்போது குண்டுச் சிதறல்களால் கிழிந்த உடல்களை எதிர்கொண்டார்கள்.

அங்கே அவர்களுடைய பெரிய எதிரி, காயத்தில் வாயுவை உண்டாக்கித் தசையை அழுகச் செய்யும் கேஸ் காங்ரீன் என்ற தொற்று. எருவிட்ட வயல்மண்ணில் வாழும் கிருமிகள், உலோகத் துண்டோடும் சீருடைத் துணியோடும் காயத்தின் ஆழத்துக்குள் புகுந்து, பிராணவாயு எட்டாத இறந்த தசையில் பெருகி, சில மணி நேரத்திலேயே கை கால்களை அழுகச் செய்துவிடும். ஆகவே காயத்தை உடனே தைத்து மூடாமல், கெட்ட தசையை அகலமாக வெட்டி நீக்கித் திறந்தே வைத்தார்கள். தசைக்குள் சேர்ந்திருக்கும் வாயுவையும் புதைந்திருக்கும் சிதறல்களையும் குழுவின் எக்ஸ்ரே மருத்துவர் ஆக்னஸ் சாவில் எக்ஸ்ரே படங்களில் தேடினார். எந்தக் கிருமி என்பதை மருத்துவமனையின் ஆய்வுக்கூடம் சொன்னது. அறுவை மேசை, எக்ஸ்ரே, ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று கேட்டு இயங்கியதுதான் இக்குழுவின் உண்மையான சாதனை என்று உறுதியாக நம்புகிறேன். 1916 ஜூலையில் வட பிரான்சில் சோம் ஆற்றையொட்டிப் பெரும் போர் தொடங்கி, காயமுற்றவர்கள் இரவும் பகலும் வந்து குவிந்தபோது இந்த ஒழுங்கே அவர்களைத் தாங்கியது.

1917-இல் போர்முனைக்கு நெருக்கமாக வில்லேர் கோத்ரேயில் ஒரு கிளையும் அமைத்தார்கள். 1918 மே மாத இறுதியில் ஜெர்மானியப் படை நெருங்கியதால் அதைக் கைவிட்டு மடத்துக்கே திரும்ப நேர்ந்தது. நூறு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அந்த ஆண்டில் அறுநூறு வரை வளர்ந்திருந்தது. ஐவன்ஸுக்கு பிரெஞ்சு அரசு லெஜியன் தோனர் விருதளித்தது. பிரிட்டிஷ் ராணுவமோ, 1916-இல் மால்டாவுக்குப் பெண் மருத்துவர்களை அழைத்துக்கொண்டபோதும் அதிகாரிக்குரிய பதவியை அவர்களுக்குத் தரவில்லை. ருவாயோமோன் 1919-இல் மூடப்பட்டதும், அங்கிருந்த மருத்துவர்களில் பலர், அத்தனை அறுவை அனுபவத்துக்குப் பிறகும், மகளிர் நலத்துக்கும் குழந்தைகள் நலத்துக்கும் மட்டுமான பழைய பணிகளுக்கே திரும்ப வேண்டியிருந்தது.