பதில் 31-ஆவது ஸ்லைடில் இருந்தது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைப் பேசி முடித்துச் சரக்கு போகிற வரை பார்த்துக்கொள்கிறவளாக, பதினாறு வருடம் ஓட்டிவிட்டேன். இதில் முதல் பத்துப் பதினொரு வருடம் பிரசன்டேஷன் என்றாலே எனக்கு இங்கிலீஷ் பயம்தான். தமிழ் மீடியத்தில் படித்தவள், பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர், முன்னால் நின்றால் வாய்க்குள்ளேயே இலக்கணம் சரிபார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பயத்தைப் போக்கத்தான் காசும் நேரமும் செலவு செய்தேன். கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது என்று புரிந்தது 2021 டிசம்பரில், பெங்களூரில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சரக்கு வாங்கிக் கொடுக்கிற ஒரு பையிங் ஆபீசில்.

அந்த நவம்பரை திருப்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூல் விலை ஒரே அடியாகக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது, ஊரே கொதித்து ஸ்டிரைக் வரை போனது. எங்கள் கையில் ஏற்கெனவே விலை பேசி முடித்த 80,000 டீசர்ட் ஆர்டர் ஒன்று, நூலோ இன்னும் வாங்கவில்லை. பேசின விலைக்குத் தைத்துக் கொடுத்தால் கை நஷ்டம், விலையை ஏற்றிக் கேட்டால் ஆர்டர் வேறு எங்காவது போய்விடும். சரி, நேரில் போய்ப் பேசுவோம் என்று முதலாளி முடிவு செய்தார். பிரசன்டேஷன் தயார் செய்கிற வேலை என் தலையில்.

நான்கு ராத்திரி உட்கார்ந்து செய்தேன். மொத்தம் 42 ஸ்லைடு. கம்பெனி ஆரம்பித்த வருடம், முதலாளியின் அப்பா போட்டோ, எத்தனை மெஷின், எந்தெந்தச் சர்டிபிகேட், டையிங் கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்கிறோம், பஞ்சு விலை கிராஃப், நூல் விலை கிராஃப், அப்புறம் ஒவ்வொரு வரியும் பறந்து வந்து உட்காருகிற அனிமேஷன். அந்த அனிமேஷனில் எனக்கு ரொம்பப் பெருமை வேறு.

அங்கே ஆறாவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. நிட்டிங் மெஷின் போட்டோ. சோர்சிங், அதாவது யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்கிற வேலை, பார்க்கிற அம்மா மாஸ்க்கைச் சற்று இறக்கிவிட்டு, ஒரு பீசுக்கு எத்தனை சென்ட் கூடக் கேட்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். கோபம் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். பதில் 31-ஆவது ஸ்லைடில் இருந்தது. நானும் அங்கே போகலாம் என்று அம்புக்குறியை அழுத்த ஆரம்பித்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு வரி இடது பக்கத்திலிருந்து நிதானமாகப் பறந்து வந்து உட்கார்ந்தது. ஐஎஸ்ஓ சர்டிபிகேட் சுழன்று வந்தது. பஞ்சு விலை கிராஃப் கீழிருந்து செடி மாதிரி முளைத்தது. அந்த அறையில் ஆறு பேர், யாரும் பேசவில்லை, என் விரல் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு ஷிப்ட்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அந்தச் சாம்பிளை இப்படிக் குடு" என்று என் பையிலிருந்த டீசர்ட்டை வாங்கி மேஜையில் விரித்தார். அவர் எட்டாவது வரை படித்தவர். "ஒன் டீசர்ட். யார்ன், வேஸ்ட் எல்லாம் சேர்த்து டூ ஃபிஃப்டி கிராம். ஒன் கிலோ, ஃபோர் டீசர்ட். யார்ன் ஃபிஃப்டி ருபீஸ் அப். ஃபிஃப்டி பை ஃபோர், ட்வெல்வ் அண்ட் ஹாஃப் ருபீஸ். செவன்டீன் சென்ட்ஸ். மீ ஃபைவ், யூ ட்வெல்வ்." இவ்வளவுதான். கால்குலேட்டரைக்கூடத் தொடவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார். பத்து நிமிடத்தில் 11 சென்ட்டுக்குப் பேசி முடிந்தது. 80,000 பீசுக்குக் கணக்குப் போட்டால் எங்களுக்கு விழ இருந்த 10 லட்ச ரூபாய் அடியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. என் மீதி 36 ஸ்லைடுகளை யாருமே பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது காரில் கிருஷ்ணகிரி தாண்டுகிற வரை நான் வாயே திறக்கவில்லை. அவரும் ஒன்றும் திட்டவில்லை, டீக்கு நிறுத்தினபோது மட்டும், "அவங்க கேக்க வந்தது ஒண்ணு, நீ சொல்லப் போனது ஒண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்கிற முதல் வேலை, லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவது: இந்த மீட்டிங் முடிந்து எழுந்திருக்கும்போது எதிரே இருப்பவர் எதற்குச் சரி சொல்ல வேண்டும்? அந்த ஒரு வரிதான் முதல் ஸ்லைடு. கம்பெனி வரலாறு கிடையாது, 'எங்களைப் பற்றி' கிடையாது. நம்மைப் பற்றித் தெரியாமலா வரச் சொன்னார்கள்.

தலைப்பு வைக்கிற விதத்தையும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் 'நூல் விலை நிலவரம்' என்று போடுவேன். அது பெயர்ப்பலகை, அதில் சேதி இல்லை. இப்போது 'நூல் 50 ரூபாய் ஏறியதால் ஒரு பீசுக்கு 17 சென்ட் கூடுகிறது' என்று முழு வாக்கியமாகவே போடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினால் அந்த ஒரு வரியிலேயே விஷயம் கிடைத்துவிடும்.

இந்தத் தலைப்பு விவகாரம் உயிர்ப் பிரச்சினையாகவே போன ஒரு சம்பவம் இருக்கிறது. 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கிளம்பும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் அடித்திருந்தது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஸ்லைடின் அடியில், உள்ளே தள்ளிப் போட்ட சின்ன எழுத்தில், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் அடித்தது 1,920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! எட்வர்ட் டஃப்டி என்கிற பேராசிரியர் இதை வரி வரியாக அலசினார், விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் அந்த ஸ்லைடு இடம்பிடித்தது. இதைப் படித்தபோது என் 31-ஆவது ஸ்லைடுதான் ஞாபகம் வந்தது. எனக்குப் போக இருந்தது பணம் மட்டும்.

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். அதற்காக ஒரு தடவை இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். பாடம் எடுத்தவர் முதல் மணி நேரத்திலேயே, நாம் பேசுகிற சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்றார். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். அப்புறம் இரண்டு நாளும் கையை எப்படி வைப்பது, எப்படி நிற்பது என்பதுதான். பிறகுதான் தெரிந்தது, அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த கணக்கு. ஒருவரின் சொல், குரல், முகம் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று பார்த்த ஆய்வு. ஒற்றைச் சொற்களைப் பேசவைத்துச் செய்தது. எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், சொல்லுக்கு ஏழு சதவீதம்தான் என்றால் 17 சென்ட் என்பதை நான் கையை ஆட்டியே புரியவைத்திருக்கலாமே. எங்கள் முதலாளியின் இங்கிலீஷில் வினைச்சொல்லே இருக்காது, ஆனால் அவர் சொன்னது ஆறு பேருக்கும் புரிந்தது.

எனக்கு உண்மையில் உதவியது போன் ரெக்கார்டர். ராத்திரி, தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில் ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அங்கே நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசி ரெக்கார்ட் செய்து கேட்டேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன், அவ்வளவு கேவலம். ஐந்து நிமிடத்தில் 'பேசிக்கலி' மட்டும் பத்தொன்பது. இரண்டாம் தடவை பதினொன்று. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகையில் சேராது, மனதுக்குள் எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். கூடவே ஆரம்பிக்கிற இரண்டு வாக்கியத்தையும் முடிக்கிற இரண்டு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்வேன். நடுவில் தடுமாறினால் யாரும் கவனிப்பதில்லை.

சாம்பிளை எப்போது கொடுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணிக்காரர்கள் கையில் துணி போனால் அவ்வளவுதான். தடவுவார்கள், இழுப்பார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள், நீங்கள் சொல்வது ஒன்றும் காதில் ஏறாது. அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, அப்புறம் துணியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அந்த மௌனம் முதலில் உறுத்தும், பழகிவிடும்.

அப்புறம் சின்ன விஷயங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது ஸ்லைடு நம்பரைத் தட்டி என்டர் அடித்தால் நேரே அந்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். 31, என்டர். அவ்வளவுதான் அன்றைக்கு வேண்டியிருந்தது! 'பி' தட்டினால் திரை கறுப்பாகிவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும். அனிமேஷனை மொத்தமாக எடுத்துவிட்டேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் மழுப்பாமல், நாளை காலை 11 மணிக்குள் மெயில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கே போட்டுவிடுவேன்.

போன வாரம் எங்கள் புதுப் பெண் ஒருத்தி ஒரு பையருக்காகச் செய்த பிரசன்டேஷனைக் கொண்டுவந்தாள். ஒன்பதே ஸ்லைடு, முதல் ஸ்லைடிலேயே விலையும் டெலிவரி தேதியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எல்லாஞ் சரிதான். எங்கப்பா போட்டோ எங்கம்மா?" என்றார்.

கடைசி ஸ்லைடில் வைத்திருக்கிறோம்.