'18 முதல் 60 வரை' என்று எழுதி மாட்டிக்கொண்ட கதை

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பாஸ், மார்க்கும் பரவாயில்லை. ஆனால் முதல் ரிவியூவில் வாங்கிய அடியை இன்னும் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

என் ஃபைனல் ப்ராஜெக்ட் தரங்கம்பாடிக்கு ஒரு பாரம்பரியக் கையேடு. விஷயத்துக்கா பஞ்சம்? 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவர் அச்சேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாடு, கடல் அரித்த மாசிலாமணி நாதர் கோயில், 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றது என்று எல்லாவற்றையும் 64 பக்கத்தில் திணித்தேன். 'யாருக்கு' என்ற இடத்தில் 'சுற்றுலாப் பயணிகள், வயது 18 முதல் 60 வரை'. ஜூரியில் ஒருவர் கேட்டார்: "இதில் யார் கண்ணாடி போட்டிருப்பார்?" முழித்தேன்.

வாசகர் யார் என்று அறிய கூகுள் ஃபார்மில் ஒரு சர்வே எடுத்திருந்தேன்தான். நிரப்பியது என் கிளாஸ் பசங்க. பாதிப் பேர் அந்த ஊரையே பார்த்ததில்லை.

அப்புறம்தான் இரண்டு நாள் கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். முன்பின் தெரியாதவரிடம் பேச எனக்கு வராது, அதனால் வேடிக்கை மட்டும். மூன்று மணிக்கு மேல் வேன் வேனாக வந்தார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்து, பந்தியில் சாப்பிட்டு, ஊர் திரும்புமுன் கடலைப் பார்த்துவிடலாம் என்று பட்டுச் சேலையோடு வந்த குடும்பங்கள். தாத்தா நிழல் தேடி நின்றுவிடுவார், பேரப்பிள்ளைகள் ஓடும், மருமகள் கையில் பையும் தண்ணீர் பாட்டிலும். புத்தகம் பிடிக்க யாரிடமும் கை காலியாக இல்லை.

அந்தத் தாத்தாதான் என் வாசகர் என்று முடிவு செய்தேன். மிச்சமெல்லாம் மளமளவென்று விழுந்தது:

- 64 பக்கம் போய், மடித்து வைக்கிற ஒரே ஒரு தாள்
- எழுத்து 14 பாயின்ட், வெயிலில் கண் கூசாத, பளபளக்காத தாள்
- 1792-இல் கட்டிய நகர வாசலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கோட்டை வரை ஒரே நேர்கோடு, அதில் நிழலும் உட்கார இடமும்
- சீகன்பால்குக்கு நாலு வரி, பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டுகிற மாதிரி

ஆகவே 'இவர்தான் என் வாசகர்' என்று காட்ட, பெயர் வைத்து, இன்டர்நெட்டில் போட்டோ எடுத்து ஒட்டி, காபி பிடிக்குமா டீ பிடிக்குமா என்றெல்லாம் ஒரு ஆளை ஜோடிக்காதீர்கள். எத்தனை மணிக்கு வருகிறார், எதை முடித்துவிட்டு வருகிறார், கையில் என்ன இருக்கிறது, இந்த மூன்று போதும். சர்வே நன்றாகச் செய்கிறவர்கள் செய்யுங்கள், எனக்கு உதவவில்லை.

வைவாவில் "ஆராய்ச்சியாளர்கள் வந்தால்?" என்றார்கள். "இது அவர்களுக்கு இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முதல் ரிவியூவாக இருந்தால் 'அவர்களுக்கும்தான்' என்று வழிந்திருப்பேன்.

இன்னொன்று, டம்மியை, அதாவது அச்சுக்கு முன் செய்து பார்க்கிற மாதிரிப் பிரதியை, ஹாஸ்டல் மேஜையில் மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். என்னுடைய முதல் டம்மி கடற்காற்றில் இரண்டாகக் கிழிந்தது, எட்டு மடிப்பு நாலானது அதனால்தான்.