பனித் துப்பாக்கியும் எங்கள் கூலிங் டவரும்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கொரியா போயிருந்தோம், நாங்கள் மூன்று பேர், மச்சான் வீட்டில் நாலு பேர். யோங்பியோங் பனிச்சறுக்கு விடுதியில் 3 இரவு. 1975இல் திறந்த இடம், கொரியாவின் முதல் பனிச்சறுக்கு விடுதி அதுதான், 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் சில போட்டிகளும் அங்கே நடந்தன. எல்லாரும் பனியில் விழுந்து எழுந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் சரிவின் ஓரமாக நின்ற ஒரு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "அத்தான், பனியப் பாருங்க, அதுல என்னத்தப் பாக்குறீங்க?" என்றான் மச்சான். என்ன செய்வது, 14 வருஷமாகச் சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் சில்லர் அறையில் வேலை, ஏர்கானுக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்கள் இருக்கும் இடம். விசிறிச் சத்தம் கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது.

அது பனித் துப்பாக்கி. உள்ளே ஒரு பெரிய விசிறி, வாயைச் சுற்றி வளையமாக ஊசிமுனைத் துளைகள், பின்னால் தடித்த தண்ணீர்க் குழாய், காற்றை அழுத்த ஒரு சின்ன கம்ப்ரசர். தண்ணீரைத் தூசு மாதிரி உடைத்து மேலே எறிகிறது, கீழே வருவதற்குள் உறைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஏர்கான் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதானே, தண்ணீரைத் துளியாக்கிக் காற்றில் காட்டி, கொஞ்சத்தை ஆவியாகப் போகவிட்டு, மிச்சத்தின் சூட்டை இறக்குவது. இரண்டுக்கும் ஒரே எஜமான், வெட் பல்ப். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு கீழே இறங்கும். சிங்கப்பூரில் அது 25, 26 டிகிரியில் உட்கார்ந்திருக்கும், சாமி கும்பிட்டாலும் இறங்காது. பனி செய்ய மைனஸ் 2, 3க்குக் கீழே போக வேண்டும். கொரியாவில் குளிர்காலம் காய்ந்த குளிர், வானத்திலிருந்து விழும் பனி குறைவு, ஆனால் பனி செய்வதற்குச் சொல்லிவைத்த மாதிரி இருக்கும்.

மின்சாரக் கணக்கும் இங்கேதான். வெட் பல்ப் மைனஸ் 3இல் இழுபறியாக நிற்கும்போது துப்பாக்கியை ஓட்டினால் கொஞ்சூண்டு தண்ணீர்தான் விட முடியும், மோட்டார் என்னவோ முழுசாக ஓடும். அதுவே மைனஸ் 8, 10க்குப் போன பின்னிரவில் அதே மின்சாரத்துக்குப் பல மடங்கு பனி கிடைக்கும். அதனால் ஒழுங்காக நடத்தும் விடுதிகளில் சரிவு நெடுக உணர்கருவி வைத்து, சரியான நேரம் வந்ததும் துப்பாக்கிகள் தானே ஓடும்படி செய்திருப்பார்கள். பழைய ரகத் துப்பாக்கிகளுக்கு மலையடிவாரத்திலிருந்து அழுத்தக் காற்றைக் குழாயில் அனுப்ப வேண்டும், கம்ப்ரசர் பார்த்தவர்களுக்குத் தெரியும், போட்ட மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். பம்ப் இன்னொரு தலைவலி. துப்பாக்கிகளுக்குத் தண்ணீர் தரும் குளத்தை மலைக்கு மேலே வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக இறங்கி வரும், குளத்தை நிரப்புவதையும் மின்சாரம் மலிவான நேரத்தில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். அப்புறம், பனியைச் சமன் செய்யும் வண்டிகளில் ஜிபிஎஸ் வைத்து எங்கே எத்தனை சென்டிமீட்டர் பனி இருக்கிறது என்று அளக்கிறார்கள். போதுமான இடத்தில் துப்பாக்கியை நிறுத்திவிடலாம். எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

பக்கத்தில் தேக்வல்லியோங் மலைமுகட்டில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன, 2 மெகாவாட் ஆலைகள் 49. "அப்போ இங்க எல்லாம் காத்து கரன்ட்டா?" என்றாள் மகள். இல்லை, அது பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது, அதில் நிலக்கரியும் அணுமின்சாரமும் கலந்தே வரும். அமெரிக்காவில் ஜிமினி பீக் என்ற விடுதி 2007இலேயே 1.5 மெகாவாட் காற்றாலையைத் தன் மலையிலேயே நட்டுவிட்டது. குளிர்காலத்தில்தான் அங்கே காற்று பலம், மின்சாரம் தேவைப்படுவதும் அப்போதுதான், நல்ல பொருத்தம். சுவிட்சர்லாந்தில் டென்னா என்ற சின்னக் கிராமத்தில் 2011இல் சறுக்குபவர்களை இழுத்துப்போகும் கம்பிவடத்துக்கு மேலேயே சூரியத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். வெயிலைப் பார்த்துத் திரும்பும், பனி விழுந்தால் சாய்ந்து உதறிவிடும். கோடையில் மின்சாரத்தை விற்கிறார்கள்.

இதெல்லாம் படமெடுக்க அழகு. பம்ப் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்பதை யாரும் படமெடுத்துப் போட மாட்டார்கள். நான் வேலை பார்க்கும் கட்டடத்திலும் அப்படித்தான், வரவேற்புக் கூடத்துத் திரையில் கூரைச் சூரியத் தகடு எவ்வளவு தந்தது என்று பச்சை எழுத்தில் ஓடும், 11ஆம் மாடியில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏர்கானை 25 டிகிரிக்கு ஏற்றலாம் என்று 2 முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இல்லை.

சரி, நான் மட்டும் யோக்கியனா? 7 பேர், 6 மணி நேரத்துக்கு மேல் விமானம், அதே தூரம் திரும்பி வர. விடுதிக்காரன் மாதம் முழுக்கப் பம்பில் மிச்சம் பிடித்தாலும் எங்களைப் போல நாலு குடும்பம் வந்தால் கணக்கு எங்கே நிற்கும்? மனைவியிடம் சொன்னேன். "டிக்கெட் போடறப்ப வாயத் தொறக்கல" என்றாள். நியாயம்தான்.

வந்த மறுவாரம் மகளுக்குக் கோப்பன்ஹேகன் படம் ஒன்றைக் காட்டினேன். குப்பையை எரித்து மின்சாரமும் வீடுகளுக்குச் சூடும் தரும் ஆலை, அதன் கூரையையே சறுக்குமலையாக்கி 2019இல் திறந்துவிட்டார்கள், உச்சி 85 மீட்டர். நம் சிங்கப்பூர் துவாஸ் குப்பை எரியாலையின் மேல் இப்படி ஒன்று வைத்தால் விமானமே வேண்டாம், நாம் வீட்டுக் குப்பைக் குழாயில் போடும் குப்பையிலேயே மின்சாரம் வரும், பேருந்து ஏறிப் போய் சறுக்கலாம் என்றேன். கண் விரிந்தது. பனி எப்படிப் போடுவார்கள் என்று கேட்டாள். பனியே கிடையாது, பச்சை பிளாஸ்டிக் விரிப்பு, தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கும், அதன் மேல்தான் சறுக்க வேண்டும் என்றேன்.

கைப்பேசியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.