பலாக் கொப்பில் ஒரு பூச்சாடி: மூன்றாம் முயற்சி

மே மாதக் காற்றுக்கு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பலாக் கொப்பொன்று முறிந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆறு துண்டு கேட்டு வாங்கினேன்.

"விறகுக்கா தம்பி?"

"பூச்சாடி கடைய, அக்கா."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

முதல் இரண்டு துண்டையும் பால்கனியில் சும்மா வைத்தே கெடுத்தேன். பத்து நாளில் முனையிலிருந்து நடுச்சோறு (கொப்பின் நட்டநடு மென்பகுதி) வரை வெடிப்பு. ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகத்தால்தான் வேகமாக வெளியேறும். போதாக்குறைக்கு, மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முழுக் கொப்பு அந்த இழுப்பைத் தாங்காது, பிளக்கும். மிச்சம் நாலின் முனைகளிலும் மெழுகுதிரியை உருக்கிப் பூசினேன்.

பச்சை மரம் கடைவது தனிச் சுகம். மொறட்டுவையில் வாங்கிய பழைய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சீவல் ஈரநாடாவாக நீண்டு வந்து கையில் சுற்றிக்கொள்கிறது. வைரம் கடுகு மஞ்சள்; பிக்குமாரின் ஆடைக்குச் சாயமிட இதைத்தான் காய்ச்சினார்கள் என்பது சீவலைப் பார்த்தாலே விளங்கும். பட்டையோரத்துப் பால்தான் தொல்லை, உளிப்பிடியெல்லாம் பிசுபிசுப்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் போகும்.

காய்ந்து கோணியபின் மறுபடி கடைய இடம் வேண்டுமென்று, நாலு அங்குல விட்டத்துக்குச் சுவரை அரை அங்குலத் தடிப்பில் விட்டு, அதன் சீவலோடேயே கடதாசிப் பையில் போட்டு வைத்தேன். சமையலறைத் தராசில் ஞாயிறு தோறும் நிறுத்தேன்: 640 கிராம், 555, 508... கொழும்புப் புழுக்கத்தில் மெதுவாகத்தான் இறங்கியது. நிறை அசையாமல் நிற்க மூன்று மாதமானது. அதற்குள் வாய் முட்டை வடிவமாகிவிட்டது.

இரண்டாம் கடைசலில் ஒரு பிழை விட்டேன். நார் நெடுக ஓடும் துண்டில், உள்ளே நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் உளி போக வேண்டும். பழக்கதோஷத்தில் கிண்ணம் கடைவதுபோல் விளிம்பிலிருந்து உள்ளே போனேன். உளி கவ்வி, வாயோரம் ஒரு சில்லு பறந்து முகத்தில் போட்டிருந்த கண்ணாடி மூடியில் பட்டது. சரி, கழுத்தை அரை அங்குலம் குறைத்தேன். உண்மையில் இப்போதுதான் உருவம் பார்க்கும்படி இருக்கிறது.

அடியில் நடுச்சோற்றோரம் மயிரிழை வெடிப்பு. கோப்பித்தூளை அடைத்து சூப்பர் குளூ விட்டேன். மேலே தேன்மெழுகு மட்டும்.

"தண்ணி விடலாமோ?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா, ஒழுகும்."

மற்ற மூன்றும் இன்னும் பைக்குள். சின்னது நேற்று 412 கிராம்.