சுனைகள் இருக்கும் மலையில் தாகம்

வெள்ளியங்கிரி மலையில் முதன்முறை ஏறி இறங்கியபோது, நான் கொண்டுபோன இரண்டு தண்ணீர் பாட்டில்களில் ஒன்று மூடிகூடத் திறக்கப்படாமல் அடிவாரத்துக்குத் திரும்பி வந்தது. அதே நாள் காலையில், இறங்கும் வழியில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, எழுந்து நிற்க முடியாமல் முக்கால் மணி நேரம் கல்படி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் முதுகில் இருக்க உடம்பு வறண்டுபோன அந்த வேடிக்கையைப் பற்றி வீட்டில் பல நாள் வாய் திறக்கவில்லை. மறு ஆண்டு மீண்டும் ஏறி, தரிசனத்தைத் தெளிவாகப் பெற்ற பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது.

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் வணங்கிவிட்டு, மூங்கில் தடி ஊன்றி ஏழு மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 6000 அடி உயரத்தில் பாறைகளுக்கு இடையே சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் ஈசனைக் காண்பதுதான் இந்த யாத்திரை. தென்கயிலாயம் என்று இதற்குப் பெயர். பிப்ரவரியிலிருந்து மே வரை பக்தர்கள் ஏறுகிறார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சி, இரவில் ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைவதே பலரின் வழக்கம். அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து, தண்ணீர் பாட்டில்களில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு தொகையை வைப்பாக வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கைக்கு வந்துவிடும்.

முதல் யாத்திரையில் நான் செய்த தவறு அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வெறும் வயிற்றோடு ஏறுவதுதான் பக்தி என்று நினைத்து, காலையிலிருந்து ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் மட்டுமே உட்கொண்டிருந்தேன். மனித உடம்பு அவசரத் தேவைக்கென்று கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் அதைப்போல நான்கு மடங்கு மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒரு நாள் பட்டினி கல்லீரலின் இருப்பைப் பெரும்பாலும் காலி செய்துவிடும். செங்குத்துப் படிகளாகவே அமைந்த முதல் மலையை முடிப்பதற்குள் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. விநாயகர் சன்னதியில் தோப்புக்கரணம் போட்டு எழுந்தபோது கண் இருட்டியதை, அன்று நான் அருள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் குளிர் வந்தது. குளிர் செய்யும் ஏமாற்றுதான் நான் அறியாதது. தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடம்பின் உட்பகுதிக்கு ஒதுங்கும்போது, நீர் போதிய அளவு இருப்பதாக மூளை தவறாகக் கணக்கிட்டுத் தாக உணர்வைக் குறைத்துவிடுகிறது. சிறுநீரகமும் அதே கணக்கை நம்பி நீரை வெளியே அனுப்புகிறது. ஆனால் மூச்சிரைக்க ஏறும்போது ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வியர்வையும் நிற்பதில்லை, மலைக்காற்று அதை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று வழியெல்லாம் நீர் ஊறிக்கொண்டிருக்கும் மலையில், தாகம் எடுக்கவில்லையே என்று மகிழ்ந்தபடி நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் என்ன கண்டேன் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், சரியாக நினைவில்லை. காற்று ஆளைத் தள்ளியது. தலை கிறுகிறுத்தது. ஈசன் முன் நிற்கக் கிடைத்த சில நொடிகளிலும் எங்கே உட்காரலாம் என்பதே என் நினைப்பாக இருந்தது. இறங்கும்போது வெயில் ஏற ஏறக் கால்கள் நடுங்கின, பிறகு பிடித்துக்கொண்டன. நான் உட்கார்ந்திருந்த படியருகே வந்து நின்ற பெரியவர் ஒருவருக்கு எழுபது வயதாவது இருக்கும். செருப்பில்லாத கால்கள், தோளில் ஒரு துணிப்பை. என் பையின் பக்கவாட்டில் நிறைந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, தண்ணி குடிக்கிறதுக்குக் கொண்டாந்தீங்களா, சொமக்கிறதுக்குக் கொண்டாந்தீங்களா?" என்றார்.

தம் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தடியின் முனையால் குத்திக் கிழித்து, என் மற்றொரு பாட்டிலில் மீதமிருந்த தண்ணீரில் பிழிந்தார். ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து கல் உப்பை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு, நாட்டுச் சர்க்கரையைக் கொட்டிக் குலுக்கி, ஒரே மூச்சில் குடிக்க விடாமல், ஒவ்வொரு வாய்க்கும் இடையில் நிறுத்தச் சொன்னார். அரை மணியில் பிடிப்பு விட்டுக் காலை மடக்க முடிந்தது. அவர் கைப்பக்குவத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மை, மருந்துக் கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ORS) பொட்டலங்களுக்கும் அடிப்படையானது: சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்தே உள்ளே செல்கின்றன, அவை செல்லும் இடத்துக்கு நீரும் இழுபட்டுச் செல்கிறது. வெறும் நீரைவிட அந்தக் கரைசல் விரைவாக உடம்பில் சேர்வது இதனால்தான்.

மறு ஆண்டு சித்திரையில் ஏறியபோது, விரதத்தை முந்தைய நாளோடு முடித்துக்கொண்டேன். இறைவனுக்காக உணவைத் துறப்பது பெரிய காரியந்தான். ஆனால் அதற்குரிய நாள் மலையேறும் நாள் அல்ல என்பது இப்போது என் உறுதியான கருத்து. மாலை ஐந்து மணிக்கு இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட்டேன். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீரை நிதானமாகக் குடித்தேன். பிறகு தாகத்தைக் கேட்காமல் கைக்கடிகாரத்தைக் கேட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு வாய் அருந்தினேன். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். சுவைக்காகக் கெட்டியாகக் கரைத்தால் அது குடலிலிருந்து நீரை உடம்பில் சேர்க்காமல், குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைக் கெடுக்கும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் பட்டினியோடு ஏறுவது ஆபத்து.

உணவு இடுப்புப் பையில் இருந்தது. முதுகுப் பையில் இருந்தால் எடுக்கச் சோம்பல் வந்துவிடும். நீண்ட நேரம் உழைக்கும் உடம்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து போய்க்கொண்டிருந்தால் தளர்ச்சி தெரியாது. நாலைந்து பேரீச்சையும் ஒரு கடலை மிட்டாயும் அந்தக் கணக்குக்கு ஏறக்குறையப் போதும். மேலே குளிரில் வெல்லப்பாகு இறுகிக் கடலை மிட்டாய் கல்லாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பளிக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து கடிக்க வேண்டியிருந்தது.

உடன் வந்த என் தம்பி நான் சொன்னதை அளவுக்கு மீறி நம்பிவிட்டான். ஒவ்வொரு கடையிலும் தண்ணீர் வாங்கி மடமடவென்று குடித்துக்கொண்டே வந்தவன், தலைவலிக்கிறது, குமட்டுகிறது, விரல்கள் தடித்து மோதிரம் இறுகுகிறது என்றான். வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. அவனை உட்கார வைத்து, தண்ணீரை நிறுத்தி, உப்புக் கடலையைக் கொறிக்க வைத்தோம். நல்லவேளையாகச் சற்று நேரத்தில் தெளிந்தான்.

சுனை நீரைப் பற்றி என் மனத்தில் நீண்ட நாள் போராட்டம் இருந்தது. தீர்த்தத்தைச் சந்தேகிப்பதா என்று ஒரு குரல். இத்தனை ஆயிரம் பேர் கால் வைக்கும் இடம் என்று மற்றொரு குரல். கடைசியில், தலையில் தெளித்துக்கொள்ளவும் ஒரு துளி நாவில் வைக்கவும் தீர்த்தம், குடிப்பதற்குப் பாட்டிலில் பிடித்து குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருந்த நீர் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆண்டிச் சுனையில் மட்டும் எல்லாரையும் போலக் குளித்தேன். அந்தக் குளிரில் முதல் சொம்பு தலையில் விழுந்ததும் 'நமசிவாய' என்பது தானாகவே வாயில் வந்தது.

ஏழாவது மலை ஏறும்போது கிழக்கு வெளுத்தது. இம்முறை கால்கள் என் வசம் இருந்தன. பாறைக்கடியில் குனிந்து நுழைந்தபோது விபூதியும் கற்பூரமும் கலந்த வாசனை, முன்னால் சிறு சுடர், அதன் ஒளியில் வில்வ இலைகளுக்கு நடுவே அந்தக் கருங்கல் மேனி. அதன்மேல் திருநீறு ஒருபக்கம் வழிந்து காய்ந்திருந்ததுகூடக் கண்ணில் நிற்கிறது. எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தபோது, மேகங்கள் கீழே கிடக்க, மூச்சு சீராக ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறக்கத்தில்தான் தண்ணீர் அதிகம் தேவைப்பட்டது. வெயிலும் ஏறியிருந்தது; உடம்பின் எடையைத் தாங்கித் தாங்கி இறங்கும் தொடைத் தசைகளுக்கு ஓய்வே இல்லை. ஒதுங்கிய இடத்தில் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். போன ஆண்டு அது டீ நிறத்தில் இருந்தது. வழியில் வெறுங்காலோடு இறங்கும் வயதானவர்களை எல்லாம் உற்றுப் பார்த்தேன். அந்தப் பெரியவர் கண்ணில் படவில்லை.

அடிவாரத்தில் வனத்துறை ஊழியர் என் பாட்டில்கள் இரண்டையும் வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணித் தந்தார்.