ஆனந்தபனில் எட்டு வாரம்

2023 ஆகஸ்ட் 26, சனி

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. சபை கூடுவதும் இன்றுதான். ஞாயிறு ஆராதனைக்கே பழகிய எனக்கு நாள் கணக்கு குழம்பிவிட்டது. காத்மாண்டுக்குத் தெற்கே, லலித்பூர் மாவட்டத்து மலைக்காட்டுக்குள் இருக்கிறது ஆனந்தபன் மருத்துவமனை. தொழுநோயாளிகளுக்காக 1957-ல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி. பெயருக்கு ஆனந்த வனம் என்று அர்த்தம். பிசியோதெரபி பிரிவில் எட்டு வாரம் இருக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நேபாளியில் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'துக்யோ?' வலிக்கிறதா என்று கேட்பது. புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறையில் எல்லோரும் சொல்லும் பதில் 'துக்தைன', வலிக்கவில்லை. வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும். இங்கே அந்தப் பதிலுக்கு நரம்பு உணர்வை இழந்துவிட்டது என்று அர்த்தம். கேட்கக் கேட்க வயிற்றைப் பிசைகிறது.

சிந்துலியிலிருந்து வந்திருக்கும் ஒரு விவசாயி, அறுபது வயதிருக்கும். காலையில் ஸ்டீல் தம்ளரில் ஆவி பறக்கும் டீயை உள்ளங்கையோடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் ஓடிப்போய் வாங்குவதற்குள் தோல் சிவந்துவிட்டது. "என்ன ஆயிற்று, நானி?" என்கிறார், என்னைப் பார்த்து! (நானி என்றால் குழந்தை.) மத்தியானம் ஒரு தடித்த துணியைத் தம்ளருக்கு உறையாகத் தைத்துக் கொடுத்தேன்.

2010-லேயே நேபாளம் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியதாக அறிவித்துவிட்டது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அந்தக் கணக்கு. நோய் போய்விட்டது என்பதல்ல. மருந்து இலவசம், முற்றிய நோய்க்கும் 12 மாதம் சாப்பிட்டால் போதும். ஆனால் வலிக்காததால் தாமதமாக வருகிறார்கள், ஊர்ப் பேச்சுக்குப் பயந்தும் தாமதமாக வருகிறார்கள். அதற்குள் நரம்பு செத்துவிடுகிறது.

ஆகஸ்ட் 31, வியாழன்

சிந்துலி விவசாயி புவாவுக்கு இன்று மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தக் கையில் அறுவை சிகிச்சை. (பெரியவர்களை அப்பா என்றுதான் இங்கே கூப்பிடுகிறோம்.) மூன்று வாரமாக மெழுகு ஒத்தடம் கொடுத்து விரல்களை இளக்கி வைத்திருந்தார்கள். கடைசி இரண்டு நாள் நான் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மெழுகை முதலில் என் கையில் விட்டுச் சூடு பார்ப்பேன். அவர் கை சொல்லாதே.

நடுவிரலை மடக்கும் தசைநாண்களில் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, நாலு விரலுக்கும் கொண்டுபோய்த் தைத்தார்கள். பார்த்தபோது வேலூர் ஞாபகம். 1946-ல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்ட பிறகுதான் இந்த வேலையில் இறங்கினார். வேலூரில் படித்த எனக்கு அது எங்கள் வீட்டுக் கதை மாதிரி.

செப்டம்பர் 21, வியாழன்

மாவுக்கட்டு பிரித்தோம். இனிதான் என் வேலை. இத்தனை நாள் விரலை மடக்கிய தசை இப்போது அதையே நிமிர்த்த வேண்டும். மூளைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் முயன்றும் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஆள்காட்டி விரல், ஒரு நூலளவு. இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 6, வெள்ளி

நாலு விரலும் நிமிர்கின்றன, மோதிர விரல் மட்டும் பின்தங்குகிறது.

அக்டோபர் 19, வியாழன்

நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் வந்துவிட்டது. விஜயதசமியன்று வீட்டுப் பெரியவர்கள் அரிசி, தயிர், குங்குமம் கலந்து சிறியவர்கள் நெற்றியில் டீக்கா வைப்பார்கள். மூன்று விரல் சேர்த்து எடுக்கிற வேலை. புவாவுக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். பல வருஷமாக அவருக்குப் பதிலாக அவர் தம்பிதான் வைக்கிறாராம்.

அதனால் பத்து நாளாக அதையே பயிற்சியாக்கினோம். இங்குள்ள விசுவாசிகள் பலர் டீக்கா வைத்துக்கொள்வதில்லை, எனவே கவிழ்த்து வைத்த கிண்ணம்தான் நெற்றி. முதலில் பாதி அரிசி மேசையில் சிந்தியது. இன்று ஐந்து கிண்ணத்திலும் ஒட்டியது.

நாளைக் காலை பஸ். துணி உறையைத் தம்ளரோடு மூட்டையில் வைத்துக்கொண்டார். திஹார் (இங்கத்திய தீபாவளி) முடிந்ததும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். அப்போது நான் இருக்க மாட்டேன். மோதிர விரலைப் பற்றி அவருடைய அட்டையில் எழுதி வைத்தேன்.