எடை 8 கிலோ, எறிவது 80 கிராம்

டிரெபுஷெட் என்பது, பாரம் கீழே விழும் விசையை மட்டுமே நம்பி வேலை செய்கிற கல்லெறி பொறி. வில்லின் வளைவோ கயிற்றின் முறுக்கோ இதற்குத் தேவையில்லை. இடைக்காலத்து எழுத்தர்கள் இந்தப் பெயரையும், கல்லெறி பொறிகளுக்கு வழங்கிய மாங்கனெல் என்ற பெயரையும் கலந்தே எழுதியிருக்கிறார்கள். நான் செய்துகொண்டிருப்பது, நெடுங்கையின் ஒரு முனையில் எடைப்பெட்டியும் மறுமுனையில் கவணும் தொங்குகிற வகை.

சட்டகம் முடிந்துவிட்டது. ரீப்பர் கட்டைகளை முக்கோணமாக இணைத்து, தரையிலிருந்து 52 செ.மீ. உயரத்தில் 10 மி.மீ. இரும்புக் கம்பியை அச்சாகக் கொடுத்திருக்கிறேன். கை 1 மீட்டர் நீளம். அச்சிலிருந்து கவண் பக்கம் 80 செ.மீ., எடைப் பக்கம் 20 செ.மீ. கவண் முனையை நோக்கிக் கை மெலிந்துகொண்டே போகும்படி இழைத்தேன். நுனியில் வீண் கனம் இருந்தால், விழும் பாரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி அந்த மரத்தைச் சுழற்றுவதிலேயே தீர்ந்துவிடும்.

எடைக்குப் பழைய தராசின் இரும்பு எடைக்கற்கள்: 5, 2, 1 என்று மொத்தம் 8 கிலோ. எறிவது 80 கிராம் களிமண் உருண்டை. ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதத்தில் பொறி நன்றாக ஓடுகிறது. 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், எடைக்கு வேண்டிய ஈயத்தைத் தேவாலயக் கூரைகளிலிருந்து உரித்து எடுக்கச் சொன்னார். அங்கே கட்டிய பெரும்பொறிக்கு 'வார்வுல்ஃப்', போர் ஓநாய், என்று பெயர். கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய முன்வந்த பிறகும், அந்தப் பொறி ஒருமுறையாவது எறிந்து முடியட்டும் என்று எட்வர்ட் மறுத்துவிட்டார். இவ்வளவு உழைப்பில் உருவான கருவி எறிவதைப் பார்க்கத் துடிக்கும் மனம் எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் உள்ளே மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்தச் செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலில் எடையைக் கையோடு இறுக்கிக் கட்டித்தான் எறிந்து பார்த்தேன். உருண்டை பறந்தது, ஆனால் சட்டகம் முழுவதும் அதிர்ந்தது. பிறகு எடைப்பெட்டியை ஒரு கீலில் ஊசலாடும்படி தொங்கவிட்டேன். பெட்டி கையோடு சேர்ந்து வட்டமடிக்காமல் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கியது. அதிர்வு தணிந்தது, தூரமும் கூடியது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாவுதீனுக்காக 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்கருவிகளைப் பற்றி எழுதிய அல்-தர்சூசி, வலையில் கற்களை நிரப்பித் தொங்கவிட்ட பொறி ஒன்றை விவரிக்கிறார். அந்த வலையும் என் பெட்டியைப் போலவே தொங்குவதுதான் என்பது செய்து பார்த்தபின்தான் உறைத்தது; அவர் எழுதியதை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பது எடையைவிடக் கவண்தான் என்பதில் இப்போது எனக்கு ஐயமே இல்லை. கவணின் ஒரு கயிறு கையின் நுனியில் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும். மற்றொன்று வெறும் வளையமாக ஒரு சிறு கொக்கியில் மாட்டியிருக்கும். கை மேலே எழும்போது கவண் பின்னாலிருந்து சாட்டைபோலச் சுழன்று வந்து, ஒரு கோணத்தில் வளையம் கொக்கியிலிருந்து நழுவும். அந்தக் கணத்தில் உருண்டை எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறதோ, அதுவே அதன் வழி.

கொக்கியை நிமிர்த்தினால் வளையம் முன்னதாகவே நழுவி உருண்டை செங்குத்தாக ஏறுகிறது, சில நேரம் பின்பக்கமும் போகிறது. வளைத்தால் தாமதமாகி முன்னால் தரையில் மோதுகிறது. கயிற்றைச் சுருக்கினாலும் கவண் விரைந்து சுழன்று முன்னதாகவே விட்டுவிடுகிறது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டையும் தொடாமல், கயிற்றைக் கையின் நெடும்பகுதி அளவுக்கே 80 செ.மீ. என்று நிறுத்திவிட்டு, கொக்கியை மட்டும் இடுக்கியால் சிறிது சிறிதாக வளைத்து வந்தேன். நைலான் கயிறு இழுபடுவதால் நூல்கயிறுதான் ஏற்றது. கவண் தடையின்றி வழுக்கி ஓட, நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாயை அடியில் பதித்திருக்கிறேன்.

அறுவடை முடிந்த வயலில் நல்ல எறிகள் இப்போது 30 மீட்டரைத் தாண்டுகின்றன. எனக்கு அதைவிட மகிழ்ச்சி தருவது, அடுத்தடுத்த உருண்டைகள் அருகருகே விழுவது. கோட்டைச் சுவரின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கத்தான் அக்காலக் கல்தச்சர்கள் எறிகற்களை உருட்டிச் செதுக்கிக் கொடுத்தார்கள். நானும் ஒவ்வோர் உருண்டையையும் காயவைத்து, தராசில் நிறுத்து, 80 கிராமுக்கு விலகியதை ஒதுக்கிவிடுகிறேன். களிமண் விழுந்த இடத்தில் நொறுங்குவதால் அடையாளமும் கிடைக்கிறது, ஆபத்தும் குறைகிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: பொறிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் விலகி நின்று, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தாழ்ப்பாளை நீண்ட கயிற்றால் இழுங்கள். எடையைத் தூக்கி நிறுத்தியபின் கையின் பாதையில் தலையையோ விரலையோ நீட்டவே கூடாது.

அடுத்து சட்டகத்தின் கீழ் நான்கு சக்கரங்கள் பொருத்தப் போகிறேன். எடை விழும்போது சட்டகம் தானே முன்னும் பின்னும் நகர்ந்தால், பெட்டி இன்னும் செங்குத்தாக இறங்கும். அப்போது கொக்கியின் கோணத்தையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.